படுக்க வைக்கக் கூடாது

ஆவடி குவார்ட்டர்ஸில் என்னோடு வளர்ந்தவர்களே, நமக்கெல்லாம் ஐம்பது நெருங்கிவிட்டது. கல்யாணம், காதுகுத்து என்று எங்காவது சந்தித்தால் ஆயுத பூஜைப் பொரியையும், ரோட்டில் உடைத்த பூசணிக்காயையும் பேசிப் பேசி உருகுகிறீர்கள். நான் அந்த நேரம் பார்த்து கை கழுவ எழுந்து போய்விடுவேன். போன மாதம் அப்பா காரியத்துக்கு வந்த இடத்திலும், "உங்க ஊட்டு பூஜைதான்டி பூஜை, வேன் முழுக்க மால போட்டு நிக்கும்" என்று ஒருத்தி ஆரம்பித்தாள். அந்த பூஜையைப் பற்றி நான் யாரிடமும் வாயைத் திறந்ததில்லை. அப்பாவும் போய்ச் சேர்ந்துவிட்டார், இனிமேல் எனக்கு அடி விழாது. அதனால் சொல்கிறேன்.

எனக்கு அப்போது பன்னிரண்டு வயது. காலாண்டுப் பரீட்சை லீவு. பருத்திப்பட்டில் அடுத்தவர் வயலில் கூலி வேலை செய்த குடும்பத்திலிருந்து முதன்முதலாக ஆவடி டாங்கி பேக்டரி கேட்டுக்குள் கார்டு அடித்துப் போனவர் எங்கள் அப்பா. ஃபிட்டர். "டாங்கியவே கழட்டி மாட்றவன்டா நான்" என்பது அவர் வாயில் நாளுக்கு நாலு தடவை வரும். குழாய் ஒழுகினாலும் அதைத்தான் சொல்வார், அம்மாவின் மிக்சி நின்றுபோனாலும் அதைத்தான் சொல்வார். மிக்சி அதற்கப்புறம் ஓடவே இல்லை என்பது வேறு விஷயம்.

வேன் மாமாவின் பேரில் இருந்தது. மாமா என்றால் அம்மாவின் தம்பி. பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றி இறக்க அப்பாவும் மாமாவும் சேர்ந்து வாங்கிய பழைய வேன். யாரோ ஒரு புண்ணியவான் அதன் சொந்த எஞ்சினைக் கழற்றிப் போட்டுவிட்டு ஜப்பான் டீசல் எஞ்சின் ஒன்றைத் தூக்கி உட்கார வைத்திருந்தான். சீட்டு ரெக்சின் வெயிலில் சூடாகி ஒரு வாசனை வரும் பாருங்கள், அதோடு பிள்ளைகள் சிந்திய தயிர்சாத வாசனையும் சேர்ந்துகொள்ளும். இப்போதும் எங்காவது பழைய வேனில் ஏறினால் முதலில் ஜன்னலைத் திறந்துவிடுவேன்.

வீட்டில் இன்னொரு ஆள் அத்தை. அப்பாவின் தங்கை, இருபத்தாறு வயது. கல்யாணமான எட்டாம் மாதம் புருஷன் லாரியில் அடிபட்டுச் செத்துப்போக, பெட்டியோடு எங்கள் வீட்டுக்கு வந்தவள். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு துணி கம்பெனியில் தைத்தாள். வீட்டுக்கு வந்தும் கால் மெஷினில் தைத்தாள். எனக்கு இரட்டைப் பின்னல் போட்டுவிடுவது அவள் வேலை. அவள் விரல்களில் மெஷின் எண்ணெய் வாசனையும் பவுடர் வாசனையும் கலந்து வரும். அம்மா பின்னினால் வகிடு கோணும், அத்தை பின்னினால் சாயங்காலம் வரை ஒரு முடி கலையாது.

அந்தப் புரட்டாசியில் அத்தைக்கு ஒரு வரன் வந்தது. காட்டுப்பாக்கத்துக்காரர், லேத் பட்டறையில் டர்னர் வேலை, பெண்டாட்டி இறந்து நாலு வயதில் ஒரு பெண் குழந்தை. அவருடைய அம்மா வந்து பார்த்தார். பஜ்ஜி சாப்பிட்டார், காபி குடித்தார், ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"எங்களுக்கு நக நட்டு ஒண்ணும் வாணாம். தாயில்லாக் கொழந்த கீற ஊடு. பொண்ணு சொன்ன பேச்ச கேக்குமா?"

"என் தங்கச்சி நான் கிழிச்ச கோட்ட தாண்டாதுங்க" என்றார் அப்பா.

அத்தைக்கு அந்த வரன் வேண்டும். மறைக்கவில்லை அவள். அன்றைக்கே மிச்சத் துணிகளைக் கொட்டித் தேடி மஞ்சள் துணி ஒன்றை எடுத்து, பார்த்திராத குழந்தைக்கு உத்தேசமாக ஒரு கவுன் வெட்டினாள். கழுத்தில் சுருக்கம் வைத்து, ஓரத்தில் வெள்ளை லேஸ் வைத்துத் தைத்தாள். எனக்கு அவள் தைத்த பாவாடைகளில் ஒருநாளும் லேஸ் வைத்ததில்லை. விஜயதசமி முடிந்த ஞாயிற்றுக்கிழமை, நாங்கள் எல்லோரும் காட்டுப்பாக்கம் போய்த் தட்டு மாற்றிக்கொள்வது என்று முடிவாயிற்று. ராகு காலம் நாலரைக்கு, அதற்குள் மாற்றிவிட வேண்டும். நம் வேனிலேயே போவோம் என்றார் அப்பா.

அந்த வேன்தான் கொதித்துக்கொண்டிருந்தது. ஓட்டத்தில் ஒன்றுமில்லை, நெரிசலில் நின்றால் சூடு காட்டும் முள் சிவப்புக்குப் போய்விடும்.

"ஃபேன் கிளட்ச் பூட்ச்சி மச்சான்" என்றார் மாமா. எனக்கும் விளக்கிச் சொன்னார். "எஞ்சினுக்கு முன்னால ஃபேன் சுத்துது பாரு பாப்பா, அதுக்கு நடுவுல இந்த டப்பா கீது. உள்ள தேனாட்டம் ஒரு எண்ண. எஞ்சின் சூடானா ஃபேன கெட்டியா புடிச்சிக்கும், ஆறினா உட்டுடும். எண்ண பூட்ச்சின்னு வையி, ஃபேன் சும்மா காத்துக்கு சுத்தும். எஞ்சின் வெந்துடும். மெக்கானிக்காண்ட உட்டா அரை நாள்ல மாத்திடுவான்."

"மெக்கானிக்கா? டாங்கியவே கழட்டி மாட்றவன் ஊட்டு வண்டிக்கு ரோட்டோர மெக்கானிக்கா?"

ஞாயிற்றுக்கிழமை காலை, குவார்ட்டர்ஸ் வேப்பமரத்தடியில் வேலை ஆரம்பமானது. அப்பா லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினார். எதிர் வரிசைக்காரர் ஒருவர், அப்பாவோடு ஒரே ஷாப்பில் வேலை பார்ப்பவர், பேப்பரும் கையுமாக வந்து நின்றுகொண்டார். லீவு நாளில் அவருக்கு இதைவிட நல்ல பொழுதுபோக்கு கிடைக்காது. அப்பா பேட்டரி ஒயரைக் கழற்றினார். ஃபேனைச் சுற்றியிருந்த மூடியைக் கழற்றினார். அடுத்து, இடம் வேண்டும் என்று ஃபேன் பெல்ட்டைத் தளர்த்தி உருவி என் கையில் கொடுத்தார். நான் அதை வளையல் போல மாட்டிக்கொண்டு நின்றேன்.

கிளட்ச்சுக்குப் பின்னால் நாலு நட்டு. அப்பா ஸ்பானரைப் போட்டுத் திருகினால் நட்டு கழலவில்லை, ஃபேன், கிளட்ச், பின்னால் இருந்த சக்கரம் எல்லாம் சேர்ந்து சுற்றியது. ஒரு கையால் ஃபேனைப் பிடித்துத் திருகினார், அப்போதும் சுற்றியது. மாமாவைப் பிடிக்கச் சொன்னார், மாமாவின் கையும் சேர்ந்து சுற்றியது. ஸ்க்ரூ டிரைவரை முட்டுக் கொடுத்து ஓங்கித் திருகினார். அது நழுவி, விரல் முட்டி ரேடியேட்டர் தகட்டில் போய்த் தேய்ந்து தோல் உரிந்தது.

"இன்னா சார், டாங்கில ஃபேன் கெடயாதா?" என்றார் எதிர் வரிசைக்காரர்.

அத்தை காபி கொண்டுவந்தவள் டம்ளரோடு அப்படியே நின்று பார்த்தாள். எல்லாம் முடிந்து இன்று யோசித்தால், டம்ளரை வைத்துவிட்டுப் பேசாமல் உள்ளே போயிருக்கலாம் அவள்.

"அண்ணா, அந்த பெல்ட்ட திரும்ப மாட்டிட்டு திருகிப் பாரேன். என் மெஷின்லயும் பெல்ட்டு கழண்டா சக்கரம் சும்மா சுத்தும். மாட்னா புடிச்சிக்கும்" என்றாள்.

அப்பா அவளைப் பார்த்தார். மாமா அதற்குள் என் கையிலிருந்து பெல்ட்டைப் பிடுங்கி மாட்டி, இறுக்கி, உள்ளங்கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு ஸ்பானரைப் போட்டார். டிக்கென்று முதல் நட்டு இளகியது. நாலும் இளகியது.

"தங்கச்சிய பேக்டரிக்கு அனுப்பு சார். நீ ஊட்ல குந்திகினு தையல் மெஷின் மிதி" என்றார் எதிர் வரிசைக்காரர். எல்லோரும் சிரித்தார்கள். மாமா சிரித்தார். நான் சிரித்தேன். அத்தையும் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். அப்பா காபியை வாங்கி டயர் பக்கத்து மண்ணில் ஊற்றிவிட்டு டம்ளரைத் திருப்பிக் கொடுத்தார்.

பழைய கிளட்ச்சை எடுத்துக்கொண்டு மாமா புதுப்பேட்டைக்குப் போனார். அங்கேதான் உடைத்த வண்டிகளின் சாமானெல்லாம் கிடைக்கும். ஒரு நாள் முழுக்க அலைந்து, அதே போல நல்ல நிலையில் ஒன்றைப் பிடித்து, பேப்பரில் சுற்றி, பஸ்ஸில் மடியில் நிறுத்தி வைத்தே கொண்டுவந்தார். வந்ததும் எல்லோரையும் கூப்பிட்டுச் சொன்னார்.

"கடக்காரு படிச்சி படிச்சி சொன்னாரு. இத நிக்க வெச்சே வெக்கணுமாம். படுக்க வெச்சா உள்ள கீற எண்ண ஒழுகிடுமாம். பழைய சாமானாச்சே, ரப்பர் தேஞ்சிருக்கும். ஆரும் படுக்க வெக்கக் கூடாது, சொல்ட்டேன்."

"எனக்கே சொல்லித் தரியா?" என்றார் அப்பா.

வராந்தாவில் இரண்டு செங்கல்லை அண்டக் கொடுத்து, நடுவில் அதை நிற்க வைத்தது அத்தைதான். நான் ரப்பர் பந்து அடிக்கப் போனால், "பாப்பா, அதும் பக்கத்துல ஆடாத" என்று விரட்டுவாள். தினம் காலையில் பெருக்கும்போது துணியால் அதைத் துடைப்பாள். அந்த டப்பா ஒழுங்காக இருந்தால்தான் வேன் ஓடும், வேன் ஓடினால்தான் அவள் காட்டுப்பாக்கம் போவாள். அது அவளுக்குத் தெரியும். அன்றே மாட்டிவிடலாமே என்று மாமா கேட்டதற்கு, பூஜையில் வைத்துவிட்டு மாட்டினால்தான் வேலை சுத்தம் என்று அப்பா சொல்லிவிட்டார்.

ஆயுத பூஜை அன்று அத்தை விடியலில் எழுந்து அப்பாவின் ஸ்பானர், சுத்தியல், அரம் எல்லாவற்றையும் மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்தாள். சந்தனம் அரைத்தாள், சுண்டல் தாளித்தாள், பொரியில் பொட்டுக்கடலை கலந்தாள். விளக்கேற்றும் நேரம் வந்ததும் யாரும் சொல்லாமலே போய்ச் சமையலறை வாசலில் நின்றுகொண்டாள். தாலியறுத்தவள் பூஜைச் சாமானைத் தொடக் கூடாது. அவள் மிதிக்கும் தையல் மெஷினுக்கே அம்மாதான் பொட்டு வைத்தாள். அது கொடுமை என்று அன்றைக்கு எனக்குத் தோன்றவில்லை. உங்கள் வீடுகளிலும் அப்படித்தான் நடந்தது, இப்போது மறந்த மாதிரி நடிக்காதீர்கள்.

மாமா வெளியே வேனுக்கு மாலை கட்டிக்கொண்டிருந்தார். அப்பா கிளட்ச்சைத் தூக்கிவந்து சாமி படத்துக்கு முன்னால் சுவரில் சாய்த்து நிற்க வைத்தார். முன்பக்கத்தில் சுருள் சுருளாக ஒரு தகடு இருக்கும், அதன் நடுவில் சந்தனத்தை அப்பினார். அது சாய்ந்து குத்துவிளக்கின் மேல் இடித்தது. மறுபடி நிறுத்தினார், மறுபடி சாய்ந்தது. வாழை இலையை இழுத்துப் போட்டு அதன் மேல் கவிழ்த்துப் படுக்க வைத்துவிட்டு, முதுகில் மூன்று பட்டை சந்தனம் இழுத்தார்.

"அண்ணா, நிக்க வெக்க சொன்னாங்களே" என்றாள் அத்தை, வாசலில் இருந்தபடியே.

அப்பா திரும்பினார். மரத்தடியில் எல்லோரும் சிரித்த சிரிப்பின் ஆத்திரம் அவர் முகத்தில் அப்படியே இருந்தது. "சாமிக்கு முன்னால எதுவும் வெறச்சிகினு நிக்கக் கூடாது. நீ உள்ள போ."

"சொன்ன பேச்ச கேளு" என்றாள் அம்மா, மணியை ஆட்டிக்கொண்டே.

அத்தை உள்ளே போனாள். எங்கள் வீட்டு வழக்கப்படி பூஜையில் வைத்ததை விஜயதசமி கழியும் வரை யாரும் தொட மாட்டோம். இரண்டு ராத்திரி, ஒரு பகல் அது அப்படியே கிடந்தது. மூன்றாம் நாள் காலையில் என் கணக்குப் புத்தகத்தை எடுக்க நான் போனபோது அப்பா கிளட்ச்சைத் தூக்கினார். இலையில் உள்ளங்கை அகலத்துக்கு எண்ணெய் தேங்கி நின்றது. நான் விரலால் தொட்டேன். பசை போல நூல் இழுத்தது. நல்லெண்ணெய் வாசனை இல்லை, ஒரு வாசனையும் இல்லை.

"வெளக்குல இருந்து ஊத்திகிச்சி" என்று சொல்லிக்கொண்டே அப்பா வேஸ்ட்டுத் துணியால் இலையைத் துடைத்தார். விளக்கு அந்தப் பக்கம், இலை இந்தப் பக்கம். என்னைப் பார்த்தார். நான் கணக்குப் புத்தகத்தைப் பார்த்தேன்.

மாமாவிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். புதுப்பேட்டை எங்கும் ஓடிப்போகவில்லை, ஞாயிற்றுக்கிழமைக்கு இரண்டு நாள் இருந்தது. சொல்லவில்லை. சனிக்கிழமை தானே உட்கார்ந்து மாட்டினார். இந்தத் தடவை பெல்ட்டை முதலில் மாட்டிக்கொண்டு நட்டை இறுக்கினார். வண்டியை நிறுத்தி வைத்தபடியே பத்து நிமிஷம் ஓட்டிக் காட்டினார். கொதிக்கவில்லை.

ஞாயிறு மூன்று மணிக்குக் கிளம்பினோம். வேனில் பதினாலு பேர், எதிர் வரிசைக்காரர் உட்பட. அம்மா அத்தைக்கு மல்லிகை வைத்துவிட்டாள். நாலு வருஷத்துக்கு அப்புறம் அவள் தலையில் பூ. தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். நான் அவள் பக்கத்தில், மடியில் அந்த மஞ்சள் கவுன் வைத்த துணிப்பை. பருத்திப்பட்டு ஏரிக் காற்று ஜன்னல் வழியாகச் சில்லென்று அடித்தது. "இந்த அண்ணன் செய்யற மாதிரி எவன் செய்வான் தங்கச்சிக்கு" என்று அப்பா முன் சீட்டில் பெருமை பேசிக்கொண்டு வந்தார். அத்தை சிரித்துக்கொண்டே வந்தாள். அவள் அவ்வளவு அழகு என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

பூந்தமல்லி பஸ் ஸ்டாண்டு பக்கம் இரண்டு பஸ் எதிரெதிரே மாட்டிக்கொண்டு வழி அடைத்து நின்றது. ஐந்து நிமிஷம் நின்றிருப்போம். முன்னாலிருந்து குபுகுபுவென்று ஆவி. துருத் தண்ணீர் வேகிற வாசனை. எல்லோரும் அடித்துப் பிடித்து இறங்கினோம். மாமா எஞ்சினை அணைத்து, மூடியைத் திறந்து, துணியைச் சுற்றிய கையால் ஃபேனை ஒரு தட்டுத் தட்டினார். அது நிற்காமல் சுற்றியது.

"இவ்ளோ சூட்டுல கெட்டியா நிக்கணும் மச்சான். காத்தாடியாட்டம் சுத்துது. எண்ணையே இல்ல. எவனோ படுக்க வெச்சிக்கீறான்!"

அப்பா கைக்கடிகாரத்தைத் திருப்பிப் பார்த்தார். மணி மூன்றரை தாண்டியிருந்தது.

"அண்ணா, பஸ்ல பூடலாம்ணா. நாலு ஸ்டாப்புதான்" என்றாள் அத்தை.

"தட்டத் தூக்கிகினு பஸ்ல எறங்கினா என் மானம் இன்னாவறது? ஆறட்டும், தண்ணி ஊத்தினா போவும்."

ஆறவில்லை. நாலு மணி ஆயிற்று. காட்டுப்பாக்கத்திலிருந்து மாப்பிள்ளையின் அக்கா புருஷன் மொபெட்டில் எங்களைத் தேடிக்கொண்டு வந்தே விட்டார். தங்கமான மனுஷன். "அதுக்கென்ன, பொண்ணையும் அம்மாவையும் ஆட்டோல ஏத்துங்க, நான் முன்னால போறேன். நேரத்துக்கு மாத்திடலாம்" என்றார். அத்தை அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். அந்த நிமிஷம் எல்லாம் சரியாகிவிட்டது. அதை நான் பலமுறை நினைத்துப் பார்த்திருக்கிறேன், அந்த நிமிஷத்தில் ஒரு ஆட்டோ வந்திருந்தால்.

மாமாதான் விடவில்லை. "தலப்பாடா சொன்னேன், படுக்க வெக்காதன்னு. எவன் வெச்சது?" என்று கத்திக்கொண்டே இருந்தார். எதிர் வரிசைக்காரர் அப்பாவைப் பார்த்து மீசைக்குள் சிரித்தார். "ஃபிட்டர் சாருக்கே தெரியலியா?" என்றார்.

ஆடத் தெரியாதவள் தெருக்கோணல் என்றாளாம். அப்பா என்னைக் கூப்பிட்டார்.

"பாப்பா, இங்க வா. பூஜைல நீ கூடவே இருந்த. ஆரு படுக்க வெச்சா? பயப்படாம சொல்லு."

அவர் கை என் பிடரியில் இருந்தது. கட்டைவிரல் அழுத்தியது. அம்மாவைப் பார்த்தேன். அம்மா தட்டில் வாழைப்பழத்தை அடுக்கிக்கொண்டிருந்தாள், ஏற்கெனவே ஒழுங்காக இருந்த பழத்தை.

"அத்தை" என்றேன்.

அடி எப்படி விழுந்தது என்று நான் பார்க்கவில்லை, சத்தம்தான் கேட்டேன். மல்லிகைச் சரம் வண்டிக்கடியில் தேங்கிய துருத் தண்ணீரில் விழுந்தது. "புருசன முழுங்கின, இப்ப வண்டியயும் முழுங்கிட்டியா? நிக்க வெக்கச் சொன்னா கேக்க மாட்ட? பூஜ சாமான உன்ன ஆரு தொடச் சொன்னது?" பஸ் ஸ்டாண்டு முழுக்க வேடிக்கை பார்த்தது.

அத்தை அப்பாவைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள். கோபம் இல்லை. கேட்கிற பார்வை. 'சொல்லேன், இன்னும் நேரம் இருக்கு' என்கிற பார்வை. அவள் வாய் திறந்து மறுத்திருந்தால் அண்ணனை எதிர்த்துப் பேசுகிற பெண் ஆகிவிடுவாள், அதுவும் அந்த மொபெட்காரர் முன்னால். அதனால் அவள் பேச முடியாது. நான்தான் பேச வேண்டும்.

மொபெட்காரர் என் முன்னால் குனிந்தார். "நெசமா பாப்பா? வாணாம்னு சொல்லியும் கேக்காம அவங்கதான் வெச்சாங்களா?"

அப்பாவின் கை அப்போது என் பிடரியில் இல்லை. யாரும் என்னைத் தொடவில்லை. நான் தலையாட்டினேன்.

பயத்தில் சொன்னேன் என்றுதான் இத்தனை வருஷம் எனக்கு நானே சமாதானம் சொல்லிவந்தேன். முதல் தடவைக்கு அது சரி. தலையாட்டியதற்குப் பயம் காரணமில்லை. லேஸ் வைத்த அந்தக் கவுன் என் கையிலேயே இருந்தது. அதைப் போட்டுக்கொள்ளப் போகிற ஒருத்தி காட்டுப்பாக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாள், நாளையிலிருந்து அத்தை அவளுக்குத்தான் தலை பின்னுவாள். பன்னிரண்டு வயசுப் பெண்ணுக்கு இவ்வளவு விஷம் இருக்குமா என்று கேட்பீர்கள். இருந்தது.

மொபெட்காரர் நிமிர்ந்தார். "கொழந்த பொய் சொல்லாது" என்றார் மெதுவாக. "எங்க மாமியாரு ஒண்ணே ஒண்ணுதாங்க கேட்டாங்க. மன்னிச்சிக்குங்க." வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார்.

எஞ்சின் ஆறியதும் தண்ணீர் ஊற்றி, நின்று நின்று வீடு வந்து சேர்ந்தோம். அத்தை வந்த அதே சீட்டில், என் பக்கத்திலேயே உட்கார்ந்து வந்தாள். துணிப்பையை மட்டும் என் மடியிலிருந்து எடுத்துக்கொண்டாள். மறுநாள் காலையில் அந்தக் கவுனை நாலாகக் கிழித்து, லேஸோடு சேர்த்து, அப்பாவின் டூல்ஸ் பெட்டி மேல் வைத்தாள். அப்பா அதில்தான் கை துடைத்தார். துணி நன்றாக உறிஞ்சுகிறது என்று சொன்னார்.

அதற்குப் பிறகு வேறு வரன் வரவில்லை. பூந்தமல்லி ரோட்டில் நடந்தது எல்லாக் காதுக்கும் போயிருந்தது. அந்த டர்னர் தை மாதம் வேறு யாரையோ கட்டிக்கொண்டார். வேனை மாமா விற்றுவிட்டார். அத்தை ஒருநாளும் என்னை எதுவும் கேட்கவில்லை, திட்டவில்லை. சாப்பாடு போட்டாள், காய்ச்சலுக்குக் கஞ்சி வைத்தாள். தலை மட்டும் பின்னவில்லை. நான் சீப்போடு போய் நின்றால் கையில் வேலை இருப்பதாகச் சொல்வாள். பத்தாம் வகுப்பு வரை கோணல் வகிட்டோடுதான் பள்ளிக்கூடம் போனேன். அம்மா இதைக் கவனித்தாள், ஏன் என்று கேட்கவில்லை. கேட்டால் வாழைப்பழம் அடுக்கியதைப் பற்றியும் பேச வேண்டிவரும்.

அம்மா போய்ச் சேர்ந்தாள். அப்பா ரிடையராகித் திருமுல்லைவாயிலில் வீடு கட்டினார். அத்தை அங்கேயும் சமைத்தாள், துவைத்தாள். சொந்தக்காரர்கள் அப்பாவைப் பற்றி, "முரடுதான், ஆனா மனசு வெள்ள" என்பார்கள். அது என்ன வெள்ளையோ எனக்குத் தெரியாது.

இந்த வருஷம் அப்பாவுக்கு இதயம் வீங்கி நுரையீரலில் நீர் கோத்துக்கொண்டது. டாக்டர் வீட்டுக்கு வந்து பார்த்துவிட்டு, துணைக்குப் போயிருந்த என்னிடமும் அத்தையிடமும் சொன்னார். "படுக்க வைக்கக் கூடாது. சாய்ந்து உட்கார்ந்தபடியேதான் தூங்க வேண்டும். படுத்தால் மூச்சு முட்டும்."

அத்தை இரண்டு பக்கமும் திண்டு கொடுத்து அப்பாவை நடுவில் உட்கார வைத்தாள். இரண்டு மாதம். இடுப்பு புண்ணாகி, கழுத்து தொங்கி, அப்பா கெஞ்ச ஆரம்பித்தார்.

"அஞ்சி நிமிசம் படுக்கறேன்டி. முதுவ சாய்க்கணும்டி."

"டாக்டரு சொல்லிக்கீறாருண்ணா" என்பாள் அத்தை, கடைவாயைத் துடைத்துவிட்டபடி. "சொன்ன பேச்ச கேக்கணும்."

குரல் தணிவாக இருக்கும். கை இதமாக இருக்கும். பார்க்க வந்தவர்கள், கூடப் பிறந்தவள் என்றால் இவள்தான் என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு போனார்கள்.

கடைசி வாரம் டாக்டர் வாசலில் செருப்பு மாட்டும்போது என்னிடம் மட்டும் சொன்னார். "இனி மருந்துக்கு வேலை இல்லைம்மா. மிஞ்சிப்போனால் நாலு நாள். அவர் எப்படிக் கேட்கிறாரோ அப்படியே விடுங்கள். படுக்க ஆசைப்பட்டால் படுக்க வையுங்கள், கஷ்டம் தெரியாமல் இருக்க மருந்து எழுதியிருக்கிறேன்."

சமையலறைக்குப் போய் அத்தையிடம் ஒன்று விடாமல் சொன்னேன். அவள் அரிசி களைந்துகொண்டிருந்தாள். களைந்து முடித்தாள்.

"உன்னாண்ட மட்டும்தான் சொன்னாரா?"

"ஆமா அத்த."

கையைத் துடைத்துக்கொண்டு என்னோடு வந்து, அப்பாவின் தலைமாட்டில் திண்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அப்பா கண்ணைத் திறந்து என்னைத் தேடினார்.

"பாப்பா, டாக்டரு இன்னா சொன்னாரு? படுக்கலாமா?"

நான் நிமிர்ந்தேன். அத்தை என்னைப் பார்த்தாள். முப்பத்தாறு வருஷத்துக்கு முன்னால் பூந்தமல்லி ரோட்டில் பார்த்த அதே பார்வை. என் பிடரியில் யார் கையும் இல்லை.

"கூடாதுன்னுட்டாருப்பா" என்றேன்.

நாலு நாள் என்றார் டாக்டர், ஆறு நாள் இருந்தார். எல்லா நாளும் கேட்டார். உட்கார்ந்தபடியேதான் உயிர் போயிற்று. முழங்காலை நீட்டிப் படுக்க வைக்க இரண்டு ஆள் பிடித்து அழுத்த வேண்டியிருந்தது.

காரியம் முடிந்து நீங்களெல்லாம் கிளம்பிப் போன சாயங்காலம், அத்தை ஒரு மணையை இழுத்துப் போட்டு என்னைக் கூப்பிட்டாள். அவள் கையில் சீப்பு இருந்தது. நான் போய் முதுகைக் காட்டி உட்கார்ந்தேன். பாதி நரைத்துப்போன என் முடியை எடுத்து, நேராக வகிடு பிரித்து, இறுக்கி, இரட்டைப் பின்னல் போட்டுவிட்டாள்.